ஒன்பதாவது கம்பியும் பழைய ஃபிரிட்ஜும்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இவ்விடம் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நான் அளவுமானிகளைச் சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலையில் இருப்பவன். சரிபார்க்காத எதையும் எழுத்தில் தருவதற்கில்லை. ஆகவே தங்கள் நலத்தை மட்டும் விசாரிக்கிறேன்.

வேண்டுகோள் இரண்டு. நீங்கள் கொண்டுபோன பழைய ஃபிரிட்ஜைத் திருப்பி அனுப்பவும். அத்தையைத் திருப்பி அழைத்துக்கொள்ளவும்.

காரணம், உங்கள் மகளின் ஸ்டீல் கிட்டார். முதன்முதலில் பார்த்துவிட்டுத் தையல் மிஷினா என்று கேட்டீர்களே, காலுக்கு மிதியும் முழங்காலுக்கு நெம்புகோலும் வைத்த பத்துக் கம்பி வாத்தியம், அதேதான். கம்பிகளில் துரு ஏறுகிறது, மாற்றியாக வேண்டும். மாற்றினால் அவள் கடைசியாக வைத்த சுருதி போய்விடும். போவதற்குள் அளந்து வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சுருதி காட்டற டியூனரில் முள் நடுவுல நின்னா சரின்னு உலகமே ஒத்துக்கிட்டிருக்கு. இவ ஒரு கம்பியையும் நடுவுல நிறுத்தலை. சிலது இறங்கியிருக்கு, சேர்த்து மீட்டினா ஒண்ணோட ஒண்ணு சண்டை போடக் கூடாதாம். சிலது ஏறியிருக்கு, ஏன்னா மிதியை அழுத்தினா வாத்தியத்தோட சட்டம் லேசா வளைஞ்சு மத்த கம்பியெல்லாம் கொஞ்சம் இறங்கும். கல்யாணமான புதுசுல இதைப் பிழைன்னு சொல்லிட்டேன். "விழப்போறவனை முன்கூட்டியே ஒரு படி மேல உக்கார வச்சிருக்கேன். நீ உன் ஸ்டிக்கரை வேற எங்கயாவது ஒட்டு"ன்னா.

நான் குனிஞ்சு டியூனரைப் பார்க்கணும், மிதிக்கு ஆள் இல்லை, அத்தையைக் கூப்பிட்டேன். அவங்க உக்காந்து தைக்கவே ஆரம்பிச்சுட்டாங்க. அழுத்திட்டு அப்படியே இருங்கன்னா, "துணி நகர வேணாமா மாப்பிள்ளை"ங்கறாங்க. ஒருவழியா ஒன்பதாவது கம்பி தவிர எல்லாம் முடிஞ்சுது. அதை மறுநாள் பார்க்கலாம்னு ஆபீஸ் போயிட்டு வந்தா, அத்தை ஈரத்துணியால வாத்தியத்தைப் பளபளன்னு துடைச்சு வச்சிருக்காங்க. ஒரு முறுக்காணி ஆடுதேன்னு இறுக்கி வேற விட்டிருக்காங்க. எந்தக் கம்பின்னு நான் சொல்லணுமா?

கோபப்படவும் தெம்பில்லை மாமா. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாளா எனக்குள்ளே முள்ளு அசையவே இல்லை. ஒப்பிட்டுச் சரிபார்க்க மூல அளவு எங்கேன்னு மட்டும் யோசிச்சேன். அது இல்லாம ஸ்டிக்கர் ஒட்டறவனை எங்க ஆபீஸ்ல வச்சுக்க மாட்டாங்க. அப்பதான் ஞாபகம் வந்துது. ஒன்பதாவது கம்பிக்கு மட்டும் அவ டியூனரைப் பார்க்கவே மாட்டா. ஃபிரிட்ஜ் உறும ஆரம்பிக்கிற வரைக்கும் காத்திருந்து, அதோட சேர்த்து முறுக்குவா. "இது கத்துற வீட்ல வாசிக்கணும்னா இதையும் கச்சேரியில சேர்த்துக்கத்தான் வேணும்"னு சொல்லுவா. துக்க வீட்ல உறுமல் எதுக்குன்னு நீங்க உங்க கடைக்குத் தூக்கிட்டுப் போனது அதைத்தான். புண்ணியமா நீங்க வாங்கித் தந்த புதுசு மூச்சே விட மாட்டேங்குது. தயவுசெஞ்சு பழசை யாரையும் விட்டு ரிப்பேர் பார்த்துடாதீங்க. அது குணமாயிட்டா நான் தொலைஞ்சேன். மத்த கம்பிக்கும் ஈரத்துணி வர்றதுக்குள்ள அத்தையையும் கூட்டிட்டுப் போங்க.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும். தங்கள் ஆசி எப்போதும்போல் வேண்டும். பாதி போதும், மீதி உங்களுக்கே தேவைப்படும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை (அந்தப் பதவி இன்னும் இருக்குமானால்)

பி.கு.: ஃபிரிட்ஜை அனுப்ப வேண்டாம். கடிதத்தை மடிச்சு வச்சுட்டு, சும்மா ஒன்பதாவது கம்பியை மீட்டி ஏத்தி இறக்கிட்டிருந்தேன். உள்ளே பாத்திரம் கழுவிட்டிருந்த அத்தை, "ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிச்சுடுச்சு, இப்ப அவ வாசிக்க உக்காந்துடுவா, சாப்பாட்டை முதல்ல…"ன்னு வாசப்படி வரைக்கும் வந்துட்டு நின்னுட்டாங்க. ஃபிரிட்ஜ் ஓடலை மாமா. குழாய் மட்டும் ஓடிட்டிருந்துது. போய் நிறுத்த ரெண்டு பேருக்கும் தோணலை.

அப்புறம் கம்பி நின்ன இடத்தை அப்படியே அளந்தேன். டியூனர் நடுவுலேருந்து இருபத்திரண்டு கோடு கீழே. மூல அளவு கிடையாது. ஸ்டிக்கர் ஒட்டிட்டேன். சரிபார்த்தவர்ங்கற இடத்துல அத்தை கையெழுத்து. அவங்களும் இங்கேயே இருக்கட்டும். புதுக் கம்பி போடணும், மிதிக்கு ஆள் வேணும்.