பச்சைப் பட்டனும் பிரிட்ஜும்

சனிக்கிழமை மச்சினன் வீடு மாறுகிறான். புது வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. என்ன ஆனாலும் தன் இடுப்பைக் காப்பாற்றிக்கொள்வது என்று பட்டன்காரர் சபதம் எடுத்தார்.

ஆபீஸில் அவருக்கு அதுதான் பெயர். இணையப் பக்கங்களுக்கு வேண்டிய பட்டன், பெட்டி, காலண்டர் எல்லாம் அவர் செய்து வைப்பார். மற்றவர்கள் எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். அவற்றைச் சோதிக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கணினி தானே ஓட்டும் கட்டளை வரிசை, எழுதியிருந்தார். கறுப்புத் திரையில் ஒரே வரி தட்டினால் போதும். ஒவ்வொன்றையும் சோதிக்கும். எல்லாம் தேறினால்தான் வெளியிடுவதற்கு மூட்டை கட்டும். ஒன்று தவறினாலும் சிவப்பு காட்டி நின்றுவிடும். 'இதை நானா எழுதினேன்!' என்று அவருக்கே அடிக்கடி மெய்சிலிர்க்கும்.

சனிக்கிழமை காலை வீட்டில் யாருக்கும் தெரியாமல், வேண்டுமென்றே நீலப் பட்டனைப் பச்சையாக்கினார். வரியைத் தட்டினார். எழுத்துகள் அருவியாய்க் கொட்டி, சிவப்பில் நின்றன.

"ஐயோ, போச்சு!" என்று அலறினார்.

மனைவி ஓடி வந்தாள். "என்னங்க ஆச்சு?"

"டெஸ்ட் ஊத்திக்கிச்சு. திங்கக்கிழமை வெளியிடணும். இந்த நாற்காலியை விட்டு நகர முடியாது. உன் தம்பிகிட்ட சொல்லிடு."

"அடேங்கப்பா!" கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இத்தனையும் தானாவே ஓடுதா? நீங்களா எழுதினீங்க?"

பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பின்னே? எங்க தப்புன்னுகூட அதுவே சொல்லும். சின்னக் குழந்தைக்கும் புரியணும்னு தமிழ்லயே எழுதி வெச்சிருக்கேன்."

"சரி பண்ணினா மறுபடி தட்டணுமா?"

"சேச்சே! சேமிச்ச நிமிஷமே தானா சோதிக்கும். கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கிட்டே இருக்கும்."

அவள் பள்ளிக்கூட டீச்சர். சிவப்பைக் கண்டு பயப்படுகிற பிறவி அல்ல. குனிந்து படித்தாள்.

"'பட்டன் கோப்பு, பதினேழாவது வரி. நீலம் இருக்க வேண்டும், பச்சை இருக்கிறது.' இவ்வளவுதானா? கீழ இன்னொண்ணு இருக்கே. 'கடைசியாக மாற்றியவர்: பட்டன்காரர். இன்று காலை.'"

ஆபீஸில் அடுத்தவனை மாட்டிவிட அந்த வரியைச் சேர்த்ததும் சாட்சாத் அவரேதான்.

கோப்பு பக்கத்திலேயே திறந்து கிடந்தது. பச்சையை அழித்து நீலம் என்று அடித்தாள். சேமித்தாள். அருவி மறுபடி கொட்டியது. எல்லாம் தேறியது, மூட்டையும் கட்டி முடிந்தது. பட்டன்காரர் வாய் பிளந்து நின்றார். ஸ்கிரிப்டைப் பார்த்தா, பெண்டாட்டியைப் பார்த்தா என்று அவருக்கே தெரியவில்லை. இருபது பேர் இருக்கிற ஆபீஸில் இப்படி ஒரு ஆள் இல்லையே என்று மனசார வியந்தார்.

வாசலில் மச்சினனின் வண்டி ஹாரன் அடித்தது.

"வாங்க, உங்க ஸ்கிரிப்ட் முறையிலேயே செய்வோம்," என்றாள் அவள். "பிரிட்ஜ் மேல போனாத்தான் பீரோ. பீரோ போனாத்தான் சாப்பாடு."

"நடுவுல இடுப்பு பிடிச்சுக்கிட்டா?"

"இறக்கி வெச்சிட்டு, முதல்லேர்ந்து."