ஹால்வர்சன் வீட்டின் ஒரே கை

உலக நாகரிகத்துக்கு மின்னசோட்டா மாநிலம் அளித்த கொடைகள் பல. அவற்றில் தலையாயது ஹால்வர்சன் குடும்பத்தின் கையாலாகாத்தனம் என்று அடித்துச் சொல்லலாம். ஏனோதானோவென்று வந்த கையாலாகாத்தனம் அல்ல. பேணி, காத்து, போற்றி வளர்த்தது. குடும்பத் தலைவர் ஆர்விட், ஓய்வுபெற்ற போதகர். வறண்ட வருடத்தில் ஆண்டவரிடம் மன்றாடி மழை வாங்கித் தந்தவர்; பல்பு மாற்றத் தெரியாது. அவர் மனைவி மார்லிஸ், கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்தால் கடிகாரத்தையே மாற்றிவிடுவார். மூத்த மகள் ஹைடியின் கணவர் டுவேன் பல் மருத்துவர். பகலெல்லாம் ஊரார் பல்லில் துளை போடுகிறவர். சுவரில் ஒரு படம் மாட்டச் சொன்னால் மட்டும், "அதுக்கெல்லாம் கைராசி வேணுங்க" என்று ஒதுங்கிக்கொள்வார்.

இப்படிப்பட்ட வம்சத்தில் இளைய மகள் கிர்ஸ்டனுக்கு மட்டும் எப்படியோ கை முளைத்துவிட்டது. சின்னப் பெண்ணாக இருந்தபோது, கழிவறைத் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் ஓட, குடும்பமே கதவுக்கு வெளியே கூடி நின்று வருந்தியது. அவள் மூடியைத் திறந்து பார்த்து, கழன்று கிடந்த சங்கிலியை மாட்டிவிட்டாள். அவ்வளவுதான். அன்றே அவள் குடும்பத்தின் ‘தலைமைப் பொறியாளர்’ ஆனாள். பதவி நிரந்தரம். சம்பளம், நன்றி.

படித்தது நூலகவியல், வேலை நூலகத்தில். இயந்திரங்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: முதலில் பிளக் சொருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மீதியைத் தட்டித் தடவிச் செய்து, விரலில் காயத்தோடு எழுந்து வருவாள்.

அந்தப் பக்கத்து மக்களின் பண்பாட்டை இங்கே குறிப்பிடாவிட்டால் பாவம் வந்து சேரும். அவர்கள் யாரிடமும் வாய்விட்டு உதவி கேட்க மாட்டார்கள். "பரவாயில்லை" என்று பொதுவாகக் காற்றிடம் சொல்வார்கள். அது காதில் விழுந்தவர் "நான் பார்க்கட்டுமா?" என்றால், வேண்டாம் என்று மறுக்க வேண்டும். இரண்டாம் தடவையும் மறுக்க வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால், "உனக்குச் சிரமம் இல்லேன்னா" என்றபடி டார்ச்சைக் கையில் கொடுத்துவிடலாம். முதல் தடவையே ஒப்புக்கொள்பவன் அநாகரிகன்.

நவம்பரில் வரும் நன்றி நாள் விருந்தில் வருடம் தவறாமல் இது நடந்தது. வான்கோழியின் மேல் சூடான குழம்பை ஊற்றியதுமே வீட்டில் ஏதாவது ஒன்று உயிரை விடும். கிர்ஸ்டன் எழுந்து போவாள். திரும்பி வரும்போது குழம்பு ஆடை கட்டியிருக்கும். பாத்திரத் தொட்டி அருகே நின்றபடியே அவள் ஆறிப்போனதைச் சாப்பிட, குடும்பம் மனமுருகி நன்றி சொல்லும். நன்றி நாள் அல்லவா!

இந்த வருடம் அவள் ஒரு முடிவோடு வந்தாள். ஒரே ஒரு தடவை, எல்லாரோடும் உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட வேண்டும். நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு இது பேராசையா? அதற்காகவே வெள்ளை வெளேர் என்று ஒரு கம்பளிச் சட்டை போட்டிருந்தாள்.

மார்லிஸின் முகம் வாடியது. "வெள்ளையாடி? அழுக்குப் பட்டுடுமே!"

"சாப்பிடத்தானேம்மா வந்திருக்கேன். அழுக்கு எங்கேருந்து வரும்?"

மேஜையைப் பார்த்த கிர்ஸ்டனுக்கு மனசு சுருக்கென்றது. தட்டுகள் ஐந்து, நாற்காலிகள் நான்கு.

"எனக்கு நாற்காலி?"

"அட, ஆமா! நீதான் உட்காரவே மாட்டியே…" என்று தொடங்கிய ஹைடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். டுவேன் நிலவறைக்கு ஓடி மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார். ஆர்விட் ஜெபத்தை ஆரம்பித்தார். உலகில் உள்ள எல்லாரையும் ஆசீர்வதித்துவிட்டு அவர் ஆமென் சொல்லும்போது, நிலவறையிலிருந்து எப்போதும் கேட்கும், வீடு முழுவதையும் சூடாக்கும் ஹீட்டரின் உறுமலைக் காணோம். வெளியே ஏரி உறைந்து கிடந்தது.

மார்லிஸ் விளக்கிடம் பேசினார்: "லேசா குளிருதோ? எனக்கு மட்டும்தானோ என்னவோ. பரவாயில்லை."

"குளிர் உடம்புக்கு நல்லது," என்றார் ஆர்விட், கையை அக்குளில் செருகியபடி.

"கோட்டைப் போட்டுக்கிட்டாப் போச்சு. கோட்டு எதுக்கு இருக்கு?" என்றாள் ஹைடி.

"ஹீட்டர்னா உள்ளே நெருப்பு மாதிரி என்னமோ இருக்கும், இல்ல?" என்று வியந்தார் டுவேன்.

பழக்க தோஷம், கிர்ஸ்டன் பாதி எழுந்துவிட்டாள். "நான் போய்ப் பார்க்கட்டுமா?"

"ஐயையோ, வேண்டவே வேண்டாம்!" நான்கு குரல்கள்.

"நிஜமாவே பார்க்க வேண்டாமா?"

"சேச்சே! நீ சூடா சாப்பிடுடி," என்றார் மார்லிஸ். அவர் மடித் துணிக்கு அடியில் டார்ச் தயாராக இருந்தது.

நான்கு முள்கரண்டிகள் அந்தரத்தில் நின்றன. மூன்றாவது கேள்விக்காக ஒரு குடும்பமே காத்திருந்தது.

"சரி," என்றாள் கிர்ஸ்டன். உட்கார்ந்தாள். "அப்ப சாப்பிடுறேன்."

அந்த வீட்டில் அதற்குமுன் யாரும் அப்படியொரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. இரண்டு தடவை மறுத்தாகிவிட்டது, மூன்றாவது கேட்கப்படவில்லை, தாமாகக் கேட்பதற்குப் பண்பாடு இடம் தரவில்லை. கோட்டுகள் வந்தன. காதுமூடித் தொப்பிகள் வந்தன. ஆர்விட் கையுறையோடு ரொட்டியைப் பிடிக்க முயன்று தோற்றார்.

"ஏரியில மீனெல்லாம் பனிக்கு அடியிலதான் குடும்பம் நடத்துது," என்றார் மார்லிஸ், பல் கிடுகிடுக்க. "அதுங்க என்ன, புகாரா சொல்லுது?"

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தும்மா," என்றாள் கிர்ஸ்டன். வான்கோழி இவ்வளவு ருசி என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

கடைசியில் டுவேன் எழுந்தார். "பாத்ரூம் போயிட்டு வர்றேன்."

பாத்ரூம் மாடியில். காலடி ஓசை இறங்கிப் போனது. டிக் என்று ஒரு சத்தம். ஹீட்டர் உறுமியது.

"தானாவே வந்துடுச்சு போல! அதிசயம்!" என்று கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார் டுவேன். ஆர்விட் மறுபடியும் ஆமென் சொன்னார்.

"டுவேன், படிக்கட்டுகிட்ட இருக்கற ஹீட்டரோட சிவப்பு ஸ்விட்சா?" என்றாள் கிர்ஸ்டன்.

"அது… நாற்காலி எடுக்கப் போனப்ப லைட்டுன்னு நெனைச்சு அணைச்சுட்டேன். போன வருஷம் ஐஸ்கிரீம் எடுக்கப் போனப்ப மாதிரியே…"

போன வருடம்! அவள் ஹீட்டருக்கு முன் மண்டியிட்டுத் தகடு தகடாகக் கழற்றிக்கொண்டிருக்க, அது திடீரென்று உறுமி எழுந்தது. முதலில் கைதட்டியவர் டுவேன்.

"ஸ்விட்சுதான்னு தெரிஞ்சும் சொல்லாம விட்டீங்களா?"

"நீ எவ்வளவு பெருமையா இருந்தே! அதைக் கெடுக்க மனசு வரலை."

"எங்க வீட்டுல குழாய், கூரை எல்லாம் இவர்தானே பார்த்துக்கறாரு," என்று கணவருக்குப் பரிந்து வந்த ஹைடி, மறுபடியும் நாக்கைக் கடித்தாள்.

மார்லிஸ் மகளின் தோளைத் தடவினார். "உனக்கு இதெல்லாம் பிடிக்கும்னுதான்டி நாங்க எதையும் தொடறதில்லை. தொட்டா உன் மனசு நொந்துடுமே!"

தமக்குத் தெரிந்ததையெல்லாம் ஒருத்தியின் மகிழ்ச்சிக்காக மறைத்து, வருடா வருடம் சூடாகச் சாப்பிட்ட இந்தத் தியாகத்தை எந்த நாவால் புகழ்வது?

கிர்ஸ்டன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தக் குழாய்கூட லேசா ஒழுகுது. பரவாயில்லை," என்றார் மார்லிஸ், காற்றிடம்.

கிர்ஸ்டன் தொட்டியருகே போய்க் குழாயைத் திறந்தாள். எல்லார் முகத்திலும் நிம்மதி. அவள் சோப்புப் போட்டு, நிதானமாக விரல் விரலாகத் தேய்த்து, துடைத்துக்கொண்டு, கோட்டை மாட்டினாள். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

"என்னடி, குழாயைப் பார்க்கலியா?"

"இல்லம்மா. கை கழுவிட்டேன்."

குழாய் இன்றும் ஒழுகுவதாகக் கேள்வி. சரிசெய்யத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் அல்ல. சரிசெய்பவர் அடுத்த நன்றி நாளில் நின்றுகொண்டு சாப்பிட வேண்டும் என்பது நால்வருக்கும் நன்றாகத் தெரிந்திருப்பதால்.