எக்ஸ்ரே இறக்கை

என் மனைவி பெர்னதெத் செய்த துரோகத்தை அச்சில் போட்டுவிடுவது என்று போன டிசம்பரில் முடிவு செய்தேன்.

முப்பத்தைந்து வருஷம் தர்மபுரி மாவட்டத்துச் செய்தியாளராக இருந்தவன் நான். ஏரி வற்றியது, யானை இறங்கியது, சித்தேரி பஸ் பாதி மலையில் நின்றது எல்லாம் நான் எழுதித்தான் சென்னைக்குத் தெரியும். வீட்டில் ஆயிரம் முறை சொன்னாலும் நிரூபணமாகாத ஒன்று அச்சில் ஒருமுறை வந்தால் உண்மையாகிவிடும். தொழிலில் கற்றது அது ஒன்றுதான்.

எங்கள் செபஸ்தியார் கோயிலுக்கு இது நூறாவது திருவிழா. மலர் போடுகிறோம், சின்ன வயசுத் திருவிழாவைப் பற்றி எழுதுங்கள் என்றார் பங்குச் சாமியார். ஐம்பத்தேழு வருஷமாக நான் காத்திருந்த அழைப்பு.

விஷயம் இதுதான். தேரில் செபஸ்தியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குச் சம்மனசு வேஷம், அதாவது தேவதூதன் வேஷம், கட்டி நிறுத்துவார்கள். வெள்ளை சாட்டின் அங்கி, முதுகில் இறக்கை. எனக்கு ஆறு வயதானபோது நான்தான் சம்மனசு என்று முடிவானது. அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை உதவியாளர். பழைய பிலிம்களை வெட்டி, பஞ்சு ஒட்டி, நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இறக்கை செய்தார். பஞ்சு விலகின இடத்தில் வெயில் பட்டால் யாரோ ஒருவருடைய விலா எலும்பு தெரியும்.

தேர் புறப்பட்டபோது அந்த இறக்கை, கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் உபதேசியாரின் மகள் முதுகில் இருந்தது. நான் தரையில் நின்றேன்.

அழுதுகொண்டே அப்பாவைக் கேட்டேன். "நீ முறுக்குத் தின்னுட்டடா. சம்மனசு நிக்கற பிள்ளை நோன்பு இருக்கோணும். சாமியார் வேணாம்னுட்டார்" என்றார். தின்றது நிஜம். பானையிலிருந்து இரண்டு. அதைப் பார்த்தது உபதேசியார் மகள் ஒருத்திதான். கோள் சொன்னது யார் என்று கண்டுபிடிக்கப் போலீஸ் நாய் தேவைப்படவில்லை.

இருபத்தொரு வருஷம் கழித்து அவளையே எனக்குப் பேசி முடித்தார்கள். பழிவாங்க இதைவிட நல்ல வழி கிடையாது என்று சம்மதித்தேன். யார் யாரைப் பழிவாங்கினார்கள் என்பதைக் கல்யாணமானவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். சுவருக்கு என்ன நிறம், மகளுக்கு எந்த ஊர் மாப்பிள்ளை, எனக்கு எத்தனை இட்லி, எல்லாம் அவள் முடிவு. எல்லாவற்றிலும் தோற்றேன். ஒவ்வொரு தோல்வியின் முடிவிலும், "என் இறக்கையைப் புடுங்கினவதானே நீ" என்று சொல்லிவிட்டு எழுந்து போவேன். அவள் பதில் சொல்ல மாட்டாள். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் அது.

கடைசிக் காலத்தில் அப்பா எங்களோடுதான் இருந்தார். நான் இறக்கையை ஆரம்பித்தால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவருக்கும் அவள் மேல் கோபம் ஆறவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

கட்டுரை எழுத உட்கார்ந்தேன். வந்து நின்றாள்.

"என்னங்க எழுதறீங்க?"

"உண்மையை."

"குடுங்க, டைப் அடிச்சுத் தர்றன்."

"நான் எழுதின காப்பியில யாரும் கை வைக்கக்கூடாது."

"முப்பத்தஞ்சு வருசமா ஆபீஸ்ல வெச்சாங்களே?"

"அதனாலதான் சொல்றன்."

தாளை எட்டிப் பார்த்து, "முறுக்குக் கதையா?" என்றாள்.

"கதையில்ல. நடந்தது."

"அது மட்டும் வேணாங்க. வேற எதனா எழுதுங்க. பேண்டு வாத்தியம், வாணவேடிக்கைன்னு எவ்வளவோ இருக்குது."

அவள் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

"பயமா?"

"எனக்கென்னங்க பயம்? உங்களுக்காகத்தான் சொல்றன்."

பயம்தான் என்று எடுத்துக்கொண்டேன். நான்கு பக்கம் எழுதினேன். பெயர் போடவில்லை, 'என் வீட்டிலேயே இன்று வசிக்கும் ஒரு பெண்மணி' என்று நாகரிகமாக நிறுத்திக்கொண்டேன். அதியமான்கோட்டைக்கு பஸ் ஏறி, மலரை வடிவமைக்கும் டிடிபி கடையில் நானே கொடுத்தேன்.

"பூவிழி, ஒரு எழுத்து மாறக்கூடாது. என் வூட்டுக்காரம்மாவுக்கும் தெரியக்கூடாது."

"சரிங்க சார்" என்றது அந்தப் பெண். நான்காம் வகுப்பில் பெர்னதெத்திடம் படித்த பெண் என்பது அன்று எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்திருந்தால் சேலம் போயிருப்பேன்.

ஜனவரியில் திருவிழா. பூசை முடிந்து மலரைக் கொடுத்தார்கள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் என் கட்டுரை. ஒரு எழுத்து மாறவில்லை. இரண்டு முறை படித்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. எழுதுகிறவர்கள் மற்ற பக்கங்களைப் பார்ப்பதில்லை.

மத்தியானம் பக்கத்துத் தோட்டத்து மாதேஸ்வரன் சாப்பிட வந்தார். எங்கள் திருவிழாவுக்கும் வருவார், அவர்கள் மாரியம்மன் பண்டிகைக்கு எங்களையும் அழைப்பார். கறிக்குழம்பைப் பிசைந்து தின்றுகொண்டே மலரைப் புரட்டியவருக்குப் புரையேறியது.

"ஏண்ணா, இந்தப் படத்துல கீழ நிக்கறது நீங்களாங்ணா?"

வாங்கிப் பார்த்தேன். பழைய ஸ்டூடியோக்காரர் எடுத்த படம். தேரில் சுரூபத்துக்குப் பக்கத்தில் இறக்கையோடு ஒரு சிறுமி. கீழே என் அப்பா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மூக்கொழுகும் ஒரு பிள்ளை. படத்துக்கு அடியில் இப்படிப் போட்டிருந்தது: 'அந்த வருஷத்துத் தேர். மேலே, சம்மனசு: பெர்னதெத். கீழே, பெர்னதெத்தின் பாவாடையில்: கட்டுரையாளர்.'

அடுக்களைக்குப் போனேன். அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?"

"போட்டோ. எங்கப்பா பெட்டியில இருந்துது. பூவிழி உங்க கட்டுரையை எனக்கு அனுப்பிச்சா. படம் இல்லாம மொட்டையா இருக்குது டீச்சர்னா."

"நான் ஏன் உன் பாவாடையில இருக்கறன்?"

"உங்க டவுசர் ஈரம்." அப்பளத்தைத் திருப்பினாள். "தேர் மேல ஏத்தினாங்க. பேண்டு அடிச்சாங்க. நீங்க நனைச்சிட்டு, எறக்கி வுடுன்னு கத்தினீங்க. மாமா எறக்கினார். சம்மனசு இல்லாம தேர் போகக்கூடாதுன்னு அங்கியைக் கழட்டி எனக்குப் போட்டாங்க. வூட்டுக்குப் போய் வர நேரமில்ல. என் பாவாடை சும்மாத்தான் இருந்துது."

"அப்ப முறுக்கு?"

"மாமா சொன்னது. 'பையன் பெரியவனாயிட்டா வெக்கப்படுவான், முறுக்குன்னே இருக்கட்டும், யார்கிட்டயும் சொல்லாத பாப்பா'ன்னார். சொல்லல."

"முப்பத்தாறு வருஷமா உன்னை நான்..."

"ஆமாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை. மாமா தாங்காம வெளிய போயிருவார். திரும்பி வந்து, 'இன்னிக்கும் சொல்லிட்டானாம்மா'ன்னு என்கிட்ட கேப்பார்."

இரண்டு தரப்பையும் விசாரிக்காமல் ஒரு தெருக்குழாய்ச் சண்டையைக்கூட நான் எழுதியதில்லை. இதில் ஒரு தரப்பைத்தான் கேட்டிருக்கிறேன். அந்தத் தரப்பும் என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொல்லியிருக்கிறது.

"அப்பாவுக்கு வாக்குக் குடுத்துட்டு இப்ப மட்டும் சொல்லலாமா?" என்றேன். வேறு பிடி கிடைக்கவில்லை.

"நான் எங்கங்க சொன்னன்? படத்தைக் குடுத்தன். படிச்சவங்க பாத்துக்கறாங்க."

"அடுத்த ஞாயிறு கோயில் அறிவிப்புல ஒரு திருத்தம் போடச் சொல்லு."

"எது தப்புன்னு சொல்லுங்க, போட்டுடலாம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தேன். பெயர் சரி. இடம் சரி. அப்பா என்னைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, அடுத்தவர் முதுகில் போகும் இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் சரி.

பூப்போட்ட பாவாடை என்பதை மட்டும்தான் குறிப்பில் எழுதாமல் விட்டிருந்தாள்.