இறந்தவர் பெயர்: சரோஜா

படிவம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம் முப்பத்தைந்து வயதுவரை எனக்கு இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முதல் வகுப்பு, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், முத்து முத்தான கையெழுத்து. (கல்யாணத்துக்குப் பிறகு ஒரு படிவத்தைக்கூட நான் தொட்டதில்லை என்பது வேறு விஷயம். ரேஷன் கார்டிலிருந்து காஸ் இணைப்புவரை எல்லாம் அவர்தான். பென்சிலில் புள்ளி வைத்துக் காட்டுவார், அங்கே நான் கையெழுத்துப் போடுவேன்.)

எண்பத்தொன்பதில் அவர் போய்விட்டார். நாற்பத்திரண்டு வயது. குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கீப்பர். சாப்பாட்டுப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவர், தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. சேலையூரில் அவர் பெயரில் இரண்டு அறை வீடு. பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண், ஒரு பையன். உயில் இல்லை. நாற்பத்திரண்டு வயதில் யார் உயில் எழுதுகிறார்கள்?

மூன்றாம் மாதம் அவருடைய அண்ணன் வந்தார். "சரோஜா, வாரிசு சர்டிபிகேட் வாங்கி, பட்டாவை உன் பேருக்கும் பசங்க பேருக்கும் மாத்திடும்மா. இல்லேன்னா நாளைக்கு எவனாவது நிலம் என்னுதுன்னு வந்து நிப்பான். நான் வேணா அலையட்டுமா?"

"வேண்டாங்க. நான் படிச்சவதானே" என்றேன்.

தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். "இன்னாம்மா, வாரிசு மனுவா? குந்து, எழுதித் தரேன்" என்றார். அவரைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஏதோ கலெக்டரம்மா மாதிரி விறைப்பாக அவரைத் தாண்டிப் போய், சுவரோரமாக நின்றபடி நானே நிரப்பிக் கொடுத்தேன். குமாஸ்தா முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது, பல மாதங்களுக்குப் பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் கழித்து, மனுவைப் பற்றி விசாரிக்க கிராம அதிகாரி தெருவுக்கு வந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது எங்களுக்குப் பால் ஊற்றும் கன்னியம்மா அக்கா. மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம், "இந்தத் தெருவுல சரோஜான்னு ஒரு அம்மா இறந்துட்டாங்களே, எந்த வீடு?" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா கயிற்றை விட்டுவிட்டார். "ஐயோ, சரோஜாவா? இன்னிக்கு காத்தாலதானே சாமி பால் ஊத்திட்டு வந்தேன்."

அதிகாரி தலையை ஆட்டி, நோட்டில் குறித்துக்கொண்டாராம். பால் ஊற்றுகிற சடங்குகூட முடிந்துவிட்டது. இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

அக்கா மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே மாடு. அதற்குப் பின்னால் அதிகாரி. சத்தம் கேட்டு, அரிசி களைந்த ஈரக்கையோடு நான் கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்ததும் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி, நீ உசுரோடதான் கீறியா?"

அதிகாரி மரியாதையாகக் கேட்டார்: "நீங்க இறந்தவங்களோட தங்கச்சிங்களா?"

"யார் சார் இறந்தவங்க?"

"சரோஜா."

"நான்தான் சார் சரோஜா."

அவர் மனுவை நீட்டினார். என் முத்து முத்தான கையெழுத்து. மனுதாரர் பெயர் என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயர். எந்தப் படிவத்திலும் அவர் பெயர்தானே முதலில் வரும். அதற்குக் கீழே என் பெயர். அந்த இடத்தில் அச்சிட்டிருந்தது 'இறந்தவர் பெயர்'. உறவு முறை என்ற இடத்தில் 'மனைவி'. ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

"ஏதோ குழப்பம்" என்றார் அதிகாரி. "மனு குடுத்தவர் சார்தானே, அவரைக் கூப்பிடுங்க. ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

நான் உள்ளே திரும்பி, "என்னங்க" என்று கூப்பிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. பதினாலு வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்துவிட்டது. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கன்னியம்மா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம் இருந்தது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசப்படியில் உட்கார்ந்தார். "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார். குடித்துவிட்டு வெகுநேரம் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். "இதைத் திருத்த முடியாதும்மா. புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க. நான் சீக்கிரம் பாத்து அனுப்பறேன்."

மறுநாள் வேப்பமரத்தடிப் பெரியவர் முன்னால் போய் நின்றேன். அவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"இறந்தவர் பேரு சொல்லும்மா."

எங்கள் வீட்டில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். வழக்கப்படி, "திருநீர்மலை மேல படுத்திருக்காரே, அந்தச் சாமி பேரு" என்றேன்.

"பெருமாளுக்கு ஆயிரம் பேரு கீதும்மா. தப்பா எழுதினா உனக்குத்தான் பேஜாரு. வாயால சொல்லு."

பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். பஸ் ஒன்று போகட்டும் என்று காத்திருந்தேன். போன பிறகும் பெயர் வாயில் வரவில்லை. பெரியவர் பேனாவைக் காகிதத்துக்கு மேல் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரங்கநாதன்" என்றேன்.

என் குரலில் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நல்ல பெயர். ஒருமுறையாவது அவர் இருக்கும்போது கூப்பிட்டிருக்கலாம். பெரியவர் அதை எழுதி, மை காய ஊதினார். அதுவரை அரசாங்கக் கணக்கில் அவர் மனுதாரர். அந்த நிமிஷத்திலிருந்து இறந்தவர்.

சான்றிதழ் வந்தது, பட்டாவும் மாறியது. எங்கள் மூவர் பெயரிலும் வீடு பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கக் கதவு எண் யாருக்கும் தேவைப்படவில்லை. நடந்ததைக் கன்னியம்மா அக்கா தெருத்தெருவாகச் சொல்லிவிட்டிருந்தார்.

ஆறு வருஷம் கழித்து, பெண் பார்க்க வந்த மறைமலை நகர்க்காரர்கள் பஸ் ஸ்டாப்பில் வழி கேட்டிருக்கிறார்கள். "செத்துப் பொழச்ச அம்மா வூடா? நேரா போய் லெஃப்ட்ல திரும்பு" என்று பதில் வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா வாசலில் தயங்கி நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"செத்துப் பொழச்சது... நீங்களாங்க?"

உள்ளே புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த என் பெண் குபீரென்று சிரித்துவிட்டாள். அப்பா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"ஆமாங்க, நான்தான். உள்ளே வாங்க" என்றேன்.