முந்நூறு ரூபாய் மிச்சம்

"நேர்ல வந்து பாத்தாத்தான் சார் தெரியும். பாக்க வர்றதுக்கு முந்நூறு."

"முந்நூறா? போன்லயே சொல்லு யாசின்."

ஏசி மெக்கானிக் முகமது யாசினிடம் இப்படித்தான் ஆரம்பித்தார் அருள்நாதன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வெள்ளிக்கிழமை மகள் லிடியா கைக்குழந்தையோடு வருகிறாள். அவள் அறை ஏசியோ ஒரு வாரமாக வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. திண்டுக்கல்லின் மே மாதத்துக்கு அது காணாது.

"எட்டு வருச மிஷினு. குளிரலன்னா புதுசுதான். ஒரு டன் போதும். ஆனா அவுட்டோர் யூனிட்டு மொட்டை மாடில, அந்த ரூமு கிழக்குக் கடைசில. காப்பர் பைப்பே முப்பது அடி போகும். அடிக்கணக்குல காசு சார்."

அடிக்கணக்கு என்றதும் வாத்தியார் விழித்துக்கொண்டார். கட்டிலை மாடிப்படிக்குப் பக்கத்து மேற்கு அறைக்கு இழுத்தார்.

"மேக்கு ரூமா? சாயங்கால வெயிலு பூரா அந்தச் செவுத்துலதான. ஒன்றரை டன் வேணும். பழைய ஒயரு தாங்காது, மாத்தணும்."

ஹாலில் தடித்த ஒயர் இருந்தது. கட்டில் ஹாலுக்குப் போனது.

"ஹாலா? ரெண்டு டன் சார்!"

திரும்பி வரும் வழியில் கட்டில் ஒரு காலை இழந்தது. வாத்தியார் இடுப்பை இழந்தார்.

"கட்டிலுக்கு ஆசாரி, இடுப்புக்கு டாக்டரு" என்று தைலம் தேய்த்தாள் மனைவி ஜெயமேரி. "இன்னுங் கொஞ்சம் மிச்சம் புடிச்சீங்கன்னா வீட்டையே வித்துரலாம்."

"பேசாம சோத்தப் போடு மேரி."

தட்டில் அன்றும் கூழ்வற்றல் மலையாகக் குவிந்தது.

"என்ன, இந்த வாரம் வத்தலாக் கொட்டுது?"

"வேலைக்கு வர்ற சிவனம்மா போட்டது. லிடியாவுக்குப் புடிக்கும்ல."

வியாழக்கிழமை, பேத்தியின் ஞானஸ்நானச் சங்கிலிக்கு எடுத்துவைத்த பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "வாப்பா, மாத்திரு" என்றார் அருள்நாதன்.

யாசின் மாடியேறினான். ஐந்தே நிமிடத்தில் மேலிருந்து கத்தினான்.

"சார், புதுசே வேணாம்! அவுட்டோர் மூஞ்சில எவரோ துணியப் போத்தி வச்சிருக்காக. மூச்சுவிட முடியாமக் கெடந்துருக்கு. எடுத்துட்டேன், குளிருதா பாருங்க!"

குளிர்ந்தது. அருள்நாதன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். சங்கிலி பிழைத்தது. கீழே வந்த யாசின் முந்நூறு மட்டும் கேட்க, வாழ்க்கையில் முதன்முறையாகப் பேரம் பேசாமல் கொடுத்தார்.

நிம்மதி வந்ததும் கோபமும் வந்துவிட்டது. "எந்த அறிவுகெட்ட ஆளு அதுமேல துணியப் போத்துனது?"

வற்றல் ஒட்டிய வேட்டியைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள் சிவனம்மாள்.

"நீங்கதான சார் சொன்னீங்க, ‘மிஷின் அனலு சும்மா வீணாப் போகுது, அதுல வத்தலக் காயப் போடு சிவனம்மா’ன்னு!"