அத்தையின் முந்தானையில் ஒரு கார்

மனிதர்கள் தராத மரியாதையை ஒரு கார் தந்தால் யாருக்கும் தலைகால் புரியாது. எனக்கும் புரியவில்லை. கணக்கு டீச்சரான எனக்கு வீட்டிலும் மரியாதை கிடையாது, வகுப்பிலும் கிடையாது (ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு ஒருமுறை வந்து பாருங்கள்). அப்படிப்பட்டவள் பக்கத்தில் போய் நின்றதும், மடக்கி வைத்திருந்த இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் யானை காதை விரிப்பதுபோல் விரித்து, முகப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வெளிச்சத்தை ஓடவிட்டு, 'டிங்' என்று மணியடித்து வரவேற்றது அந்த வண்டி. முதல் நாள் நான் பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வாங்கிய சின்ன எஸ்.யூ.வி.தான். பழைய மாடலை அடியோடு மாற்றிப் புதிதாக விட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் சவரிக்கு லைசென்சும் கிடையாது, காரைப் பற்றித் தெரியாத விஷயமும் கிடையாது. யூடியூபில் அந்த வண்டியைப் பற்றி வந்த அத்தனை வீடியோவையும் பார்த்து முடித்திருந்தார். "ஹேண்ட்பிரேக்கே கெடையாது ஜெசி, ஒரு பட்டன்தான்! சாவிய நுழைக்கவே வேணாம், கிட்டக்க கொண்டு போனாலே தெரிஞ்சுக்கும், வண்டிக்குள்ள எங்கன கெடந்தாலும் போதும்!" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார்.

வீட்டில் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும், போடியில் கடை வைத்திருக்கும் என் கொழுந்தனும். சாவி யாருக்கு என்ற வழக்கு என் மாமியாரிடம் போனது. பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருவே அவர் பேச்சுக்கு அடங்கும், நான் எம்மாத்திரம்? அந்தச் சமயம் லோயர் கேம்பில் இருக்கும் என் நாத்தனார் குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. ஞானத்தாய் நான்.

"ஏத்தா ஜெசி, அங்கன வரைக்கும் எங்களப் பத்திரமா, நேரத்துக்குக் கொண்டு சேத்துட்டேன்னா சாவி ஒனக்கு. இல்லேன்னா சின்னவன் கையில குடுத்துருவேன். பெறகு மூக்கச் சிந்திக்கிட்டு நிக்கக் கூடாது" என்றார் அத்தை.

கிளம்புகிற காலையில் கோயில் வாசலில் சாமியார் வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். சாவிமேலும் நாலு சொட்டு விழுந்தது. நான் அதைக் கைப்பைக்குள் போடப் போனேன்.

"மந்திரிச்ச பொருளச் சீப்போடயும் பவுடர் டப்பாவோடயுமா போடுவாக?" என்று பிடுங்கி, முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார் அத்தை. எங்கள் வீட்டில் மந்திரித்த உப்பிலிருந்து குருத்தோலைவரை எல்லாம் அவர் பொறுப்பு. அந்தக் கணக்கில் சாவியும் சேர்ந்துவிட்டது. வண்டி அப்படியும் கிளம்பியது. "பாத்தியா! முந்தானைக்குள்ள இருந்தாலும் கண்டுபிடிக்குது பாரு!" என்று சவரி பின்சீட்டிலிருந்து கைதட்டினார்.

உண்மையில் அந்தப் பயணம் எங்களுக்கு ஒரு அதிசயக் காட்சிதான். சீட்டுக்கு அடியிலிருந்து குளிர்ந்த காற்று வந்ததும், "அடி ஆத்தே! குமுளி மலையத் தூக்கிச் சீட்டுக்குள்ள வச்சிருக்கான்டா!" என்று அத்தை குழந்தைபோல் சிரித்தார். திரையில் எங்கள் வண்டியே மேலிருந்து தெரிய, ஜன்னல் வழியாக வானத்தை அண்ணாந்து பார்த்து, "மேல நின்னு எவன்டா படம் பிடிக்கான்?" என்றார். நான் வாயால் சொன்னதும் கூரை தானாகத் திறந்தபோது சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வண்டியைச் செய்ததே நான்தான் என்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு குறை. வண்டி வாய் ஓயாது. சவரிக்குப் பக்கத்தில் ஒரு வாழைத்தாரை வைத்திருந்தோம். அதுவும் ஆள்தான் என்று நினைத்து, பெல்ட் போடச் சொல்லிக் கூவிக்கொண்டே வந்தது. கடைசியில் தாருக்கும் பெல்ட் போட்டோம். வெள்ளைக் கோட்டைத் தொட்டால் ஒரு கூச்சல், டூவீலர் உரசிப்போனால் ஒரு கூச்சல். வீரபாண்டி தாண்டும்போதே எந்தச் சத்தத்தையும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். (ஒன்பதாம் வகுப்பு கொடுத்த பயிற்சி.)

சின்னமனூருக்குள் நுழையும்போது ஆட்டுக்கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. நான் பிரேக்கில் கால் வைப்பதற்குள் வண்டி தானாகவே சடக்கென்று நின்றது. எனக்கு மெய்சிலிர்த்தது. அத்தைக்கு வேறு மாதிரி சிலிர்த்திருக்கிறது.

"நீ பிரேக்க மிதிச்சியா?"

"இல்ல அத்தை, அதுவா நின்னுச்சு!"

"அதுவா நின்னுச்சா? அப்ப அதுவா ஓடவும் செய்யும்ல? எறக்கி விடு என்னைய. நான் பஸ்ல வாரேன்."

கெஞ்சினேன், கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரமாக எஞ்சினை அணைக்காமலே நிறுத்தினேன். அத்தை இறங்கினார். அம்மாவைத் தனியாக விடக் கூடாதென்று சவரியும் இறங்கினார். எனக்கு வந்த கோபத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பினேன். வண்டி இதுவரை இல்லாத ராகத்தில் கத்தத் தொடங்கியது. திரையில் ஏதோ சிவப்புப் படம். "நீயும் ஆரம்பிச்சிட்டியா? மூடு" என்றேன். உத்தமபாளையம்வரை கத்திவிட்டு அதுவே சோர்ந்துபோனது.

கம்பம் கடைவீதியில்தான் ஞாபகம் வந்தது, ஞானஸ்நான மெழுகுவர்த்தியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஒரு கடை முன்னால், ரோட்டில் பாதியை அடைத்து நிறுத்தினேன். இடம் போதாதே என்று கண்ணாடிகளை மடக்கினேன், பொத்தானை அழுத்தி எஞ்சினை அணைத்தேன். (அணைத்தேன்! படுபாவி!) மெழுகுவர்த்தியோடு திரும்பி வந்து அழுத்தினால், அசைவே இல்லை. அதே சிவப்புப் படம். அப்போதுதான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அது ஒரு சாவியின் படம். சாவி அத்தையின் இடுப்பில். அத்தை பஸ்ஸில்.

பின்னால் ஹாரன் வரிசைகட்டியது. ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப்பிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "சேச்சி, வண்டி மாத்து!" என்று மலையாளத்தில் நகர்த்தச் சொல்லிக் கத்தினார். நாலு பேர் இறங்கித் தள்ளினார்கள். சக்கரம் மயிரிழைகூட நகரவில்லை. "ஹேண்ட்பிரேக்க எறக்குக்கா!" என்றார்கள். "இதுல ஹேண்ட்பிரேக் கெடையாதுண்ணே, பட்டன்தான்" என்று நான் சொன்னபோது, அழுகைக்கு நடுவிலும் என் குரலில் ஒரு பெருமை இருந்ததை மறைக்க முடியாது. அங்கே கோயிலில் பூசை முடிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஞானத்தாய் இல்லை. சாவியும் போச்சு, மானமும் போச்சு.

சவரிக்குப் போன் போட்டேன்.

"எங்கன இருக்கீக?"

"கம்பத்துக்குள்ள வந்தாச்சு. பஸ் நகரவே மாட்டேங்குது. எவனோ கிறுக்குப் பய நடுரோட்டுல வண்டியப் போட்டுட்டுப் போயிட்டானாம்."

"எவனோ இல்லைங்க, நான்தான்."

சட்டென்று போனை வைத்துவிட்டார். பிறகு தூரத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து அத்தை இறங்குவது தெரிந்தது. வரிசையாக நின்ற லாரிகளையும் ஜீப்புகளையும் தாண்டி, முந்தானையை இழுத்துச் செருகியபடி விறுவிறுவென்று வந்தார். இன்றைக்கு நடுத்தெருவில் எனக்கு அர்ச்சனைதான் என்று மெழுகுவர்த்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை வந்த வேகத்தில் கதவுக் கைப்பிடியைப் பிடித்தார்.

அவ்வளவுதான். இரண்டு கண்ணாடிகளும் காதுபோல் விரிந்தன. முகப்பில் வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. 'டிங்' என்று மணியடித்தது.

கம்பம் கடைவீதியே எட்டிப் பார்த்தது. அத்தை ஒரு அடி பின்னால் போனார். வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏத்தா, என்னையவா?"

"ஆமா அத்தை. ஒங்களத்தான்."

ஓடிவந்து மூச்சிரைத்த சவரியிடம் திரும்பி, "இத்தன வருசத்துல இந்தக் குடும்பத்துல நான் வந்து நின்னா மரியாத குடுத்தது இது ஒண்ணுதான்டா" என்றார். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் வணக்கம் சொன்னவள் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சிரிப்பது?

முன்சீட்டில் அத்தை மகாராணிபோல் ஏறிக்கொண்டார். சாமியார் குழந்தையின் பெயரைக் கேட்கிற நேரத்தில் கோயிலுக்குள் பாய்ந்து போய்ச் சேர்ந்தோம். பிரியாணிப் பந்தியில் தீர்ப்பு வந்தது. "வண்டிய ஜெசிதான் ஓட்டணும். சின்னவன் தொடக் கூடாது. அத்தன பேரு கத்தும்போதும் வண்டிய விட்டு ஓடாம நின்னா பாரு, அது போதும்." நான் கையை நீட்டினேன். அத்தை இடுப்பைத் தட்டிக் காட்டினார். "சாவி இங்கனதான் இருக்கும். அதுக்கு என்னையத்தான் தெரியுது."

"இன்னொரு சாவி இருக்குமே அத்தை?"

"அது மாதா சுரூபத்துக்குக் கீழ இருக்கு. அவுகளக் கேட்டுட்டு எடுத்துக்க."

ஆக, காருக்கு ஓட்டுநர் நான், பள்ளிக்கூடத்துக்குப் போவது பழைய ஸ்கூட்டரில். மாதாவைக் கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அத்தை உள்ளே வந்தால் சவரி எழுந்து நின்று, இரண்டு காதையும் கையால் விரித்து, 'டிங்' என்பார். கொழுந்தன் வந்தால் அவனும் செய்வான், நடக்கப் பழகிய பிறகு என் ஞானமகளும் செய்கிறாள். முதலில் கேலிதான். இப்போது யாரும் உட்கார்ந்தபடி 'டிங்' சொல்வதில்லை.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு, வெயிலில் வதங்கிப்போய் உள்ளே நுழைந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கீரை ஒட்டிய கையால் இரண்டு காதையும் விரித்து, "டிங்" என்றார்.

சாவியை மட்டும் தரவில்லை.