வாயில் வைக்காத பியர்

இலண்டனில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். காய்ச்சிய பியரில் ஒரு சொட்டும் வாயில் வைக்காத மனிதர் உலகத்திலேயே எங்கள் நுரையண்ணை ஒருவர்தான்.

கிங்ஸ்பரியில் அவர் வீட்டு மேலறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அண்ணை மன்னார் ஆள். ஜெர்மனியில் பல வருடம் இருந்து, பியர்ப் பைத்தியம் பிடித்து, இங்கே வந்தவர். மனைவிக்கு, எங்கள் அக்காவுக்கு, பெரிய ஒப்பரேசன் நடந்தபோது, இனிக் குடிப்பதில்லை என்று மடு மாதாவுக்கு நேர்ந்துவிட்டார். அக்கா பிழைத்தார். குடிக்க மாட்டேன் என்றுதானே நேர்ந்தது, காய்ச்ச மாட்டேன் என்றில்லையே என்று அண்ணை அடுப்பைப் பற்றவைத்தார்.

"எனக்காக நேந்த மனிசன். இப்ப இந்தப் புளிச்ச மணத்தில நித்திரையில்லாமல் கிடக்கிறது நான்" என்பார் அக்கா.

தன்னால் நுரையை மட்டும்தான் பார்க்க முடியும் என்பதால், ருசி பார்க்கும் வேலையை அண்ணை என் தலையில் கட்டினார். நானோ பாலின் திகதியை மூன்று தரம் பார்த்துவிட்டுத் தேநீர் போடுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ருசியை விவரிக்கவும் வார்த்தை வேண்டுமே!

"சொல்லும் தம்பி, எப்பிடி?"

"நல்லாயிருக்கு அண்ணை."

"அது விருந்துக்குப் போனவன் சொல்லுறது. நாக்கில என்ன நடக்குது?"

"முன்னுக்குத் தோடம்பழத் தோல். பிறகு புல்லு வெட்டின மணம். தொண்டையில ஏதோ பிடிக்குது. அண்ணை, இது நஞ்சாகியிருக்குமோ?"

அண்ணை என்னைக் கட்டிப்பிடித்தார். "மற்றவங்கள் சுப்பர் எண்டு கிளாஸை நீட்டுறாங்கள். பயந்தவன்தான் ஒழுங்காக் குடிக்கிறான்!"

அதன்பிறகு விட்டாரா? பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற காய்ந்த பூதான் ஹொப்ஸ். கொதி தொடங்கும்போது போட்டால் கசப்பு, இறக்கும்போது போட்டால் மணம் என்று செபம்போலச் சொல்லிக்கொண்டே போடுவார். ஒருமுறை அதோடு கறிவேப்பிலை சேர்த்தார். ரசம். இன்னொருமுறை ஏலக்காய். பாயாசத்துக்குக் காய்ச்சல் வந்ததுபோல இருந்தது. பனங்கட்டி போட்ட கறுப்புப் பியருக்கு நான் இரண்டாவது கிளாஸ் கேட்டபோது அவர் கால் நிலத்தில் படவில்லை.

அப்போதுதான் மகளுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாரிஸ்காரர். "என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கு என்ர பியர்தான்" என்று அண்ணை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"சம்பந்தி முகம் சுளிச்சாரெண்டால், பிறகு இந்த வீட்டில நீங்கள் தண்ணிகூடக் காய்ச்ச ஏலாது" என்றார் அக்கா.

கலியாணப் பியரின் முதல் போத்தலை அண்ணை திறந்து ஊற்றினார். நுரையே இல்லை. குடித்தேன்.

"அண்ணை, ஆட்டிறைச்சி."

"என்ன?"

"கடைசியில ஆட்டிறைச்சிக் கறி மணக்குது."

அண்ணை அக்காவைப் பார்த்தார். அக்கா நிலத்தைப் பார்த்தார். கோயில் திருநாள் சமையலுக்கு, பியர் காய்ச்சும் கிடாரத்தை அக்கா இரவல் கொடுத்திருந்தார். கறிக் கொழுப்பு ஒட்டிய கிடாரத்தில் காய்ச்சினால் நுரை எப்படி நிற்கும்?

அண்ணை போத்தல் போத்தலாகப் பின்வளவில் ஊற்றினார். விசயம் அறிந்து கோயில் பாதர் வந்தார்.

"அடுத்த முறை நீரே ஒரு கரண்டி ருசிபாரும். நான் அனுமதி தாறன். மாதா கோவிக்கமாட்டா."

"அவ கோவிக்கமாட்டா, பாதர். ஆனா இவளைத் திருப்பித் தந்த அவவின்ர முகத்தை நான் எப்பிடிப் பார்க்கிறது?"

அக்கா எழுந்து குசினிக்குள் போய், கிடாரத்தைத் தானே தேய்க்கத் தொடங்கினார்.

புதுப் பியர் கலியாணத்தன்றுதான் தயாரானது. நான் என் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சம்பந்தியின் முகத்தையே பார்த்தேன். அவர் குடித்தார். யோசித்தார். பிறகு வெறும் கிளாஸை மறுபடி நீட்டினார். அக்கா அப்போதுதான் மூச்சு விட்டார்.

அப்பிள் சாறோடு மூலையில் நின்ற அண்ணை என் கையைப் பிடித்தார். "குடிச்சுப்போட்டுச் சொல்லும்."

குடித்தேன். முன்னுக்கு என்ன, நடுவில் என்ன, விழுங்கிய பிறகு என்ன என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார். சட்டென்று முடிந்துவிடக் கூடாதே என்று, அதில் இல்லாத ஒரு மணத்தையும் கடைசியில் சேர்த்துச் சொன்னேன்.